இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு மகள்: கிட்டி கிர்க்பாட்ரிக் (1802–1889)

1802 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நூருன்னிசா என்று பெயரிட்டார்கள். வீட்டில் சாஹிப் பேகம் என்று அழைத்தார்கள். தந்தை ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக், நிஜாமின் அரசவையில் கிழக்கிந்தியக் கும்பினியின் பேராளராக, அதாவது ரெசிடென்டாக இருந்தவர். நிஜாம் அவருக்கு ‘ஹஷ்மத் ஜங்’ என்ற பட்டம் அளித்துத் தம் பிரபுக்களில் ஒருவராக்கியிருந்தார். தாய் கைருன்னிசா, நபிகளின் வழித்தோன்றல்களாகத் தங்களைக் கருதிய ஷியா சையித் குடும்பத்துப் பெண். ஹைதராபாத்தைப் பொறுத்தவரை இந்தக் குழந்தை நிக்காஹ் செய்துகொண்ட தம்பதியின் மகள். லண்டனைப் பொறுத்தவரை திருமணத்துக்கு வெளியே பிறந்தவள். ஆங்கிலச் சட்டத்தில் அவளுக்குத் தந்தையே இல்லை.

பிற்காலத்தில் கிட்டி கிர்க்பாட்ரிக் என்று அறியப்பட்ட இந்தப் பெண்ணின் வாழ்க்கை, பிரபுக்களின் முறைசாரா மகள்கள் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்பதற்குத் தென்னிந்திய வரலாற்றில் நன்கு பதிவான சான்று. சட்டம் மறுத்ததைத் தந்தையின் உயிலும் உறவினரின் மனமும் அவளுக்குக் கொடுத்தன. அதற்கு ஈடாகத் தாயும் தாய்மொழியும் பிறந்த ஊரும் அவளிடமிருந்து போயின.

சென்னையில் வேர்கொண்ட குடும்பம்

கிர்க்பாட்ரிக் குடும்பத்தின் கதை சென்னையில் தொடங்குகிறது. ஜேம்ஸ் 1764இல் புனித ஜார்ஜ் கோட்டையில் பிறந்தவர். அவருடைய தந்தை கர்னல் ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக் சென்னைப் படையின் அதிகாரி. தோற்றப் பொலிவால் ‘அழகுக் கர்னல்’ என்றே பேர் பெற்றவர். தாய் கேத்தரின் மன்றோ சென்னை மருத்துவர் ஒருவரின் மகள். மகனுக்கு இரண்டு வயதாகும் முன்பே, 1766இல், இறந்துபோனார்.

ஜேம்ஸுக்கு ஓர் அண்ணன் இருந்தார். 1754இல் பிறந்த வில்லியம் கிர்க்பாட்ரிக், கர்னலுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். ஆனாலும் கர்னல் அவரைத் தன் பெயரிலேயே வளர்த்து, கும்பினிப் படையில் சேர்த்துவிட்டார். பாரசீக மொழியில் தேர்ந்த வில்லியம் ஜேம்ஸுக்கு முன்பு ஹைதராபாத்தின் ரெசிடென்டாக இருந்தார். பின்னர் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் நம்பிக்கைக்குரிய ஆலோசகரானார். படை அதிகாரிகளின் அநாதைக் குழந்தைகளுக்காக 1780களின் தொடக்கத்தில் வங்காளத்தில் ஏற்பட்ட ராணுவ அநாதைகள் சங்கத்துக்கு முன்னின்றவரும் அவரே. முறைசாராப் பிறப்பு இந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. அதை மறைக்காமல் அணைத்துக்கொள்ளும் வழக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பே அந்த வீட்டில் வந்துவிட்டது. கிட்டியின் பிற்கால வாழ்வுக்கு அது பெரிதும் துணைசெய்தது.

ஜேம்ஸ் 1790களின் கடைசியில் அண்ணனின் பதவிக்கு வந்தார். 1798 செப்டம்பர் 1 அன்று நிஜாமுக்கும் கும்பினிக்கும் துணைப்படை உடன்படிக்கை ஏற்பட்டது. பிரெஞ்சுக்காரர் ரேமோன் நிஜாமுக்காக வளர்த்திருந்த, சுமார் 14,000 பேர் கொண்ட படை அதே ஆண்டு அக்டோபரில் சண்டையின்றி ஆயுதம் களையப்பட்டது. இதனால் கும்பினியிடம் ஜேம்ஸின் மதிப்பு உயர்ந்தது. ஹைதராபாத்தின் உடை, உணவு, மொழி எல்லாவற்றிலும் அவர் தோய்ந்திருந்தது நிஜாமின் அரசவையிலும் அவருக்குச் செல்வாக்கைத் தந்தது.

நிக்காஹும் விசாரணையும்

கைருன்னிசாவின் தாய்வழிப் பாட்டனார் பாகர் அலி கான், ஆங்கிலத் துணைப்படைக்கு நிஜாமின் சார்பில் சம்பளம் பட்டுவாடா செய்யும் பக்ஷி. நிஜாமின் அரசியலில் பெரும் புள்ளியான மீர் ஆலம் இவர்களுக்கு உறவினர். கைருன்னிசா, 1798இன் இறுதியில், தன் அக்காளின் திருமணக் கொண்டாட்டத்தின்போது ஜேம்ஸை முதன்முதலாகக் கண்டார். கைருன்னிசாவுக்கு ஏற்கெனவே வேறொரு பிரபு வீட்டில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அந்தச் சம்பந்தத்தை அவர் ஏற்க மறுத்தார். தாய் ஷரஃபுன்னிசா மகளின் பக்கம் நின்றார், பாட்டனார் எதிர்த்தார்.

ஷியா சட்டப்படி முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாதவரை மணக்க முடியாது. ஆகவே ஜேம்ஸ் இசுலாத்தைத் தழுவினால்தான் நிக்காஹ் செல்லும். 1800இன் இறுதியை ஒட்டி, கைருன்னிசா கருவுற்றிருந்தபோது, ஜேம்ஸ் மதம் மாறி நிக்காஹ் நடந்ததாகக் குடும்பம் கூறியது. 1801 மார்ச் 4 அன்று மகன் மீர் குலாம் அலி பிறந்தான். வீட்டில் அவன் பெயர் சாஹிப் ஆலம். அடுத்த ஆண்டு நூருன்னிசா பிறந்தாள்.

செய்தி கல்கத்தாவுக்கு எட்டியபோது வெல்லெஸ்லி விசாரணைக்கு உத்தரவிட்டார். 1801இன் இறுதியில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பொறுப்பேற்று, ஹைதராபாத்தில் பணியாற்றிய படை அதிகாரிகளைச் சென்னையில் சத்தியப்பிரமாணத்தின் பேரில் விசாரித்தார். ரெசிடென்ட் தன் பதவியைக் காட்டி அந்தக் குடும்பத்தை அச்சுறுத்தினாரா, உறவு எப்படி ஏற்பட்டது, திருமணம் நடந்ததா என்பவையே கேள்விகள். ஜேம்ஸ் பதவி இழக்கவில்லை. இந்தக் கேள்விகள் யாவும் கும்பினியின் மானத்தையும் அரசியலையும் பற்றியவை. ஏற்கெனவே பிறந்துவிட்ட மகனின் உரிமையோ, அப்போது கருவிலிருந்த மகளின் உரிமையோ அந்த விசாரணையில் இடம்பெறவில்லை.

மூன்று சட்டங்களின் கணக்கு

சாஹிப் பேகத்தின் நிலையை மூன்று வகையான விதிகள் மூன்று விதமாகத் தீர்மானித்தன.

முதலாவது, தாயின் சமயச் சட்டம். இசுலாமியச் சட்டத்தில் குழந்தையின் வம்சம் நிக்காஹைப் பொறுத்தது. நிக்காஹ் இருக்கக்கூடிய நிலையில் தந்தை ஒரு குழந்தையைத் தன் பிள்ளை என்று ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதலுக்கு, அதாவது இக்ராருக்கு, வலு உண்டு. முறையாகப் பிறந்த மகளுக்குத் தந்தையின் சொத்தில் மகன் பெறும் பங்கில் பாதி கிடைக்கும். ஆனால் நிக்காஹ் இல்லையென்றால் ஷியாச் சட்டம் மிகக் கடுமையானது. ஹனஃபி சுன்னிச் சட்டத்தில் அத்தகைய குழந்தை தாயின் சொத்துக்காவது வாரிசாகலாம். ஷியாச் சட்டத்தில் தாய்வழி உரிமையும் கிடையாது. ஆகவே ஹைதராபாத்தில் அந்தக் குழந்தையின் நிலை முழுவதும் ஒரு நிக்காஹில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, தந்தையின் நாட்டுச் சட்டம். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையை ஆங்கிலப் பொதுச்சட்டம் ‘யாருடைய பிள்ளையும் அல்ல’ என்ற பொருள்படும் லத்தீன் தொடரால் குறித்தது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் அக்குழந்தைக்கு ஒரு காசும் சேராது. பட்டமும் நிலமும் சேரா. பெற்றோர் பின்னர் மணந்துகொண்டாலும் பிறப்பின் குறை நீங்காது என்பது 1235ஆம் ஆண்டின் மெர்டன் சட்டத்திலிருந்தே உறுதியாக இருந்தது. உயிலில் பெயர் சொல்லி எழுதிவைத்தால் மட்டுமே பணம் வரும். அப்போதும் வாரிசு வரிக்கு அவள் மகளாக அல்ல, அந்நியராகவே கணக்கிடப்பட்டாள். இசுலாமிய முறையில் நடந்த நிக்காஹை அன்றைய ஆங்கிலச் சமூகமும் சட்டமும் திருமணமாக மதிக்கவில்லை. ஒருவனும் ஒருத்தியும் மற்றெவரையும் விலக்கி ஆயுள்முழுதும் இணைவதே கிறித்தவ நாடுகள் ஏற்கும் திருமணம் என்று 1866இல் ஹைட் வழக்கின் தீர்ப்பு இதை வெளிப்படையாகவே வரையறுத்தது.

மூன்றாவது, கும்பினியின் ஆணைகள். இந்தியத் தாய்க்குப் பிறந்த எவரையும் தன் குடிமைப் பணியிலோ படையிலோ கப்பற்பணியிலோ அதிகாரியாக அமர்த்துவதில்லை என்று இயக்குநர் சபை 1791இல் முடிவுசெய்தது. 1795இல் படைக்கான விதி இன்னும் இறுகியது: பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் முரசடிப்பவர், குழலூதுபவர் போன்ற வேலைகளுக்கு மட்டுமே சேர்க்கப்பட்டனர். நூறாண்டுக்கு முன்பு, 1687இல், சென்னைப் படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்க, ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பகோடா நாணயம் கொடுக்கச் சொன்னதும் இதே கும்பினிதான். ஆள் தேவைப்பட்டபோது வரவேற்ற கலப்பினப் பிள்ளைகளை, பதவிக்கு லண்டனிலேயே போட்டி மிகுந்தபோது அது ஒதுக்கிவைத்தது.

இந்த ஆணைகள் மகன்களின் வேலையைப் பறித்தன. மகள்களுக்குத் தொடக்கத்திலிருந்தே வேலை என்று ஒன்று இருந்ததில்லை. நல்ல இடத்தில் திருமணம் ஒன்றே வழி. அதற்குச் சீர்ப்பணமும் வெள்ளைச் சமூகத்தில் ஒரு பெயரும் வேண்டும்.

விடுதிகளில் வளர்ந்த மகள்கள்

தந்தை உயில் எழுதாமல் போன மகள்களின் கதி என்ன என்பதற்குச் சென்னையே சாட்சி. கவர்னர் ஆர்ச்சிபால்ட் கேம்பெலின் மனைவி முன்னின்று நடத்திய முயற்சியால் 1787இல் சென்னையில் ராணுவப் பெண் அநாதைகள் விடுதி எழுந்தது. ஆர்க்காட்டு நவாபும் அதற்கு உதவினார். 1789இல் எழும்பூரில் ஆண் அநாதைகள் விடுதி தொடங்கியது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் முறையை வகுத்தார். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்ததற்கு ஒத்த அம்முறை, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துவரை போனது.

இந்த விடுதிகளில் அநாதைகள் என்று சேர்க்கப்பட்ட பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள். தந்தை இறந்தோ ஊர் திரும்பியோ போய்விட்டால், இந்தியத் தாயிடம் குழந்தை வளர்வதைவிட விடுதியில் கிறித்தவராக வளர்வதே மேல் என்பது நிர்வாகத்தின் எண்ணம். பெண்களுக்குத் தையலும் வீட்டு வேலையும் கொஞ்சம் எழுத்தும் கற்பித்தார்கள். கல்கத்தாவின் கிதர்பூர் மாளிகையில் அதிகாரிகளின் மகள்களுக்கான விடுதியில், மாப்பிள்ளை தேடும் இளைஞர்கள் வந்து பார்ப்பதற்காகவே நடன விருந்துகள் வைத்தார்கள். அதிகாரியின் மகளுக்கு ஒரு விடுதி, சிப்பாயின் மகளுக்கு வேறொன்று என்ற பாகுபாடும் இருந்தது. முறைசாராப் பிறப்பு எல்லாருக்கும் பொதுவான குறை; அதன் சுமையோ தந்தையின் தகுதிக்கேற்பக் கூடியும் குறைந்தும் விழுந்தது.

இங்கிலாந்துக்கு அனுப்புவது மிகச் சிலருக்கே வாய்த்தது. நிறம் வெளுத்த, பணம் படைத்த அதிகாரிகளின் பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் கப்பலேறினார்கள். அங்கே கிறித்தவப் பெயரும் ஆங்கிலப் படிப்பும் பெற்றால் கும்பினியின் ஆணைகள் எட்டாத தொலைவில் வாழலாம் என்பது தந்தையரின் கணக்கு. அண்ணன் வில்லியமும் தன் இந்தியத் துணைவிக்குப் பிறந்த பிள்ளைகளை அவ்வாறே அனுப்பியிருந்தார்.

ரங் மகாலிலிருந்து கப்பலுக்கு

சாஹிப் பேகம் பிறந்தபின் ஜேம்ஸ் மூசி ஆற்றின் கரையில் புதிய ரெசிடென்சி மாளிகை கட்டத் தொடங்கினார். சென்னைப் பொறியியல் படையைச் சேர்ந்த சாமுவேல் ரஸ்ஸல் வரைந்த திட்டப்படி, உயர்ந்த தூண்களோடு 1803இலிருந்து அது எழுந்தது. பின்புறம் கைருன்னிசாவுக்காக ரங் மகால் என்ற ஜெனானா, அதாவது பெண்கள் மாளிகை, அமைந்தது. கோஷா முறையால் மாளிகையின் முகப்பை அவர் நேரில் காண முடியாது என்பதால், அதன் சிறு மாதிரி ஒன்றைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார் என்பது நெடுநாளாக வழங்கும் செய்தி. அந்தத் தோட்டத்தில்தான் இரு குழந்தைகளும் உருதும் பாரசீகமும் கேட்டு வளர்ந்தார்கள்.

1805இல் சாஹிப் ஆலத்துக்கு நான்கு வயது, சாஹிப் பேகத்துக்கு மூன்று. இருவரையும் இங்கிலாந்தில் உள்ள தாத்தாவிடம் அனுப்ப ஜேம்ஸ் முடிவுசெய்தார். கைருன்னிசா கடைசிவரை இசையவில்லை. ஆனால் குழந்தையின் எதிர்காலம் தந்தையின் சொல்லுக்கு உட்பட்டது என்பதில் ஷரியத்தும் ஆங்கில வழக்கமும் ஒன்றுபட்டன. ரெசிடென்சி மருத்துவரின் மனைவி குழந்தைகளுக்குத் துணையாகச் சென்றார்.

கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் அப்போது சென்னையில் குடியிருந்த ஓவியர் ஜார்ஜ் சின்னரி அவர்களை வரைந்தார். நிஜாம் அரசவை உடையில், படிகளின் உச்சியில் இருவரும் நிற்கிறார்கள். அண்ணன் பார்ப்பவரை நேராகப் பார்க்கிறான். தங்கை கண்களைத் தாழ்த்தியிருக்கிறாள். சின்னரியின் சிறந்த படைப்புகளில் ஒன்றாகப் போற்றப்படும் அந்த ஓவியம், ஹைதராபாத் குழந்தைகளாக அவர்கள் வாழ்ந்ததன் கடைசிப் பதிவு. 1805 செப்டம்பரில் ‘லார்டு ஹாக்ஸ்பரி’ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது.

அக்டோபர் 15 அன்று ஜேம்ஸ் கல்கத்தாவில் நோயுற்று இறந்தார், வயது 41. கப்பல் அப்போது நடுக்கடலில் இருந்தது.

உயிலின் சொற்கள்

ஜேம்ஸின் உயில் இரு குழந்தைகளுக்கும் செல்வம் ஒதுக்கியது. அதில் அவர்களைத் தன் ‘இயற்கைப் பிள்ளைகள்’ என்றே குறிப்பிட்டார். திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களைச் சொல்ல ஆங்கில வழக்கில் இருந்த நாகரிகச் சொல் அது. கைருன்னிசாவைப் பெயர் சொல்லி, மதிப்புக்குரிய தாய் என்று பாராட்டினார். மனைவி என்று எழுதவில்லை. அவருக்கு ஜாகீர்களும் நகைகளும் போதிய அளவு இருப்பதால் தனியே பெரிதாக ஒதுக்கவில்லை என்றும், அன்பின் அடையாளமாக ஒரு தொகை விடுவதாகவும் குறித்தார்.

இந்த வாசகங்களை நன்றிகெட்ட செயலாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆங்கில நீதிமன்றத்தில் உயில் செல்லுபடியாக வேண்டுமானால் பயனாளிகள் யார் என்பது அந்த நீதிமன்றம் ஏற்கும் சொற்களில் இருக்க வேண்டும். ‘என் மனைவி’, ‘என் முறைப்படியான மகள்’ என்று எழுதியிருந்தால், திருமணத்துக்குச் சான்று கேட்டு யாரேனும் வழக்காடக்கூடும், பணம் முடங்கும். மகளின் செல்வத்தைக் காப்பாற்றிய அதே சொல் அவளுடைய தாயின் நிக்காஹை இல்லையென்று ஆக்கிவிட்டது.

தாயின் முடிவு

கணவர் இறந்த செய்தி கைருன்னிசாவுக்குச் சில வாரங்கள் கழித்தே எட்டியது. 1806இல் தாயோடு கல்கத்தாவுக்குச் சென்றார். ஜேம்ஸின் உதவியாளராக இருந்த ஹென்றி ரஸ்ஸலோடு அங்கே உறவு ஏற்பட்டது. ஹைதராபாத்துக்குத் திரும்ப அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அப்போது திவானாக இருந்த மீர் ஆலம், அவரால் குடும்ப மானம் போனது என்று பகை கொண்டிருந்தார். கைருன்னிசா மசூலிப்பட்டினத்தில் தங்க நேர்ந்தது. ரஸ்ஸல் 1808இல் சென்னையில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மீர் ஆலம் மறைந்தபின், சில ஆண்டுகள் கழித்து, கைருன்னிசா ஊர் திரும்பினார். 1813 செப்டம்பர் 22 அன்று, 27 வயதில், இறந்தார். பிள்ளைகளை மறுபடி பார்க்கவேயில்லை.

மகளைப் போலவே தாயின் நிலையும் ஆண் ஒருவரின் ஆதரவில் நின்றது என்பதை இந்த எட்டு ஆண்டுகள் காட்டுகின்றன. ஜாகீரும் நகையும் இருந்தும், ஜேம்ஸ் இறந்தபின் அவர் எந்த ஊரில் வசிக்கலாம் என்பதைக்கூடப் பிறரே முடிவுசெய்தார்கள்.

கேத்தரின் அரோரா

1806 மார்ச் 25 அன்று லண்டன் மேரிலபோன் தேவாலயத்தில் இரு குழந்தைகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். சாஹிப் ஆலம் வில்லியம் ஜார்ஜ் ஆனான். சாஹிப் பேகம் கேத்தரின் அரோரா ஆனாள். கேத்தரின், சென்னையில் இறந்த பாட்டியின் பெயர். விடியலைக் குறிக்கும் அரோராவில், ஒளி என்று பொருள்படும் ‘நூர்’ சற்றே எஞ்சியிருந்தது. தாயுடனோ தாய்வழிப் பாட்டியுடனோ கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதியில்லை.

கென்ட் பகுதியில் தாத்தாவின் வீட்டில் அவர்கள் வளர்ந்தார்கள். 1812இல் அண்ணன் கொதிநீர்க் கொப்பரையில் விழுந்து ஊனமுற்றான், 1828இல் இறந்தான். கர்னல் 1818இல் மறைந்தபின் கிட்டி, பெரியப்பா வில்லியமின் மணமான மகள்களின் வீடுகளில் மாறி மாறித் தங்கினாள். அவர்கள் அவளை உறவாகவே நடத்தினார்கள். உயில் தந்த செல்வம் கையில் இருந்ததால், அண்டியிருப்பவள் என்ற பெயர் வரவில்லை.

அந்த வட்டத்தில்தான் பின்னாளில் எழுத்தாளரான தாமஸ் கார்லைல் அவளைக் கண்டார். கிட்டியின் பெரியப்பா மகளான இசபெல்லா புல்லரின் பிள்ளைகளுக்கு அவர் ஆசிரியராக இருந்த ஏழை இளைஞர். 1824இல் கிட்டியும் உறவினரும் பாரிசுக்குச் சென்றபோது அவரும் உடன் போனார். பிற்காலத்து நினைவுக் குறிப்புகளில் அவளுடைய செம்பொன் கூந்தலையும் மென்மையான குணத்தையும் அன்போடு எழுதினார். 1833–34இல் வெளிவந்த அவருடைய ‘சார்டர் ரிசார்டஸ்’ நூலில் வரும் புளுமைன் என்ற பாத்திரத்துக்குக் கிட்டியே முன்மாதிரி என்று சிலர் கருதுகிறார்கள். வேறு பெண்களைச் சுட்டுவோரும் உண்டு. திருமணச் சந்தையில் இங்கே குறை கார்லைலிடம் இருந்தது: முறைசாராப் பிறப்பும் இந்தியத் தாயும் கொண்ட பெண்ணுக்குச் செல்வம் இருந்தது, முறையாகப் பிறந்த கல்தச்சர் மகனுக்கு அது இல்லை.

1829 நவம்பர் 21 அன்று, ஏழாம் ஹுஸார் குதிரைப்படையின் கேப்டன் ஜேம்ஸ் வின்ஸ்லோ பிலிப்ஸைக் கிட்டி மணந்தாள். ஏழு பிள்ளைகள் பிறந்து நால்வர் தங்கினர்.

பிரான்சில் ஓர் ஒப்புமை

கிட்டியின் நிலையை அளக்க, அவளுக்கு ஒரு தலைமுறைக்கும் மேல் முன்னே, மன்னராட்சிக் கால பிரான்சில் வாழ்ந்த ஜூலி தெ லெஸ்பினாஸ் உதவுகிறார். 1732இல் லியோன் நகரில், அல்போன் சீமாட்டிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். பிறப்புப் பதிவில் கற்பனைப் பெற்றோரின் பெயர்களே எழுதப்பட்டன. தாய் தன் வீட்டிலேயே வளர்த்தார். ஆனால் 1748இல் அவர் இறந்தபோது மகளுக்கு எஞ்சியது ஆண்டுக்கு 300 லீவர் உதவித்தொகை மட்டுமே. பின்பு தன் அக்காளின் வீட்டிலேயே அவளுடைய பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தார். அக்காளின் கணவர் காஸ்பார் தெ விஷியே ஜூலியின் தந்தை என்பது பலரின் முடிவு. அல்போன் குடும்பப் பெயருக்கு அவர் உரிமை கோரிவிடுவாரோ என்ற அச்சம் உறவினரை வாட்டியது. 1754இல் காஸ்பாரின் சகோதரி தெஃபான் சீமாட்டிக்குத் துணையாளாகப் பாரிஸ் சென்றார். பத்தாண்டில் அந்த ஆதரவும் முறிந்தது. தன் அறிவால் சேர்த்த நண்பர்களின் துணையோடு சொந்தமாக ஓர் அறிஞர் கூடத்தை நடத்தி, 1776இல் இறந்தார்.

பிரான்சில் மன்னரின் ஆணை ஒன்று பிறப்பின் குறையைப் போக்க முடியும். 14ஆம் லூயி தன் முறைசாரா மகள்களை அவ்வாறு ஏற்று இளவரசர்களுக்கே மணமுடித்தார். ஆனால் ஏனைய பிரபுக்களின் பிள்ளைகள் 1600ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் தந்தையின் பிரபுத்துவத்தைத் தாமாகப் பெற முடியவில்லை. 1793இல் புரட்சி அரசு முறைசாராப் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை தந்தது. 1804இன் நெப்போலியன் சட்டம் அதைக் குறைத்ததோடு, தந்தை யார் என்று நீதிமன்றத்தில் தேடுவதையும் தடுத்தது. ஜூலிக்கும் கிட்டிக்கும் வேறுபாடு பிறப்பில் இல்லை. ஒருவரின் உறவினர் அவர் குடும்பப் பெயரைக் கேட்பாரோ என்று அஞ்சினார்கள். மற்றவருக்கு அந்தப் பெயரை உறவினரே கொடுத்தார்கள்.

பாட்டியின் கடிதங்கள்

சின்னரியின் ஓவியம் ஹென்றி ரஸ்ஸலிடம் வந்து சேர்ந்திருந்தது. பெர்க்‌ஷயரில் அவருடைய ஸ்வாலோஃபீல்ட் மாளிகைக்கு ஒருமுறை சென்ற கிட்டி, சுவரில் தன்னையும் அண்ணனையும் கண்டு அழுதார். 1852இல் ரஸ்ஸல் இறந்தபோது ஓவியத்தைக் கிட்டிக்கே எழுதிவைத்தார். இன்று அது ஹாங்காங்கில் எச்எஸ்பிசி வங்கியின் சேகரிப்பில் உள்ளது.

பாட்டி ஷரஃபுன்னிசா ஹைதராபாத்தில் உயிரோடு இருப்பது 1840களை ஒட்டித் தெரியவந்தது. ரெசிடென்சியில் இருந்த டங்கன் மால்கம் வழியாகக் கடிதங்கள் போய்வந்தன. பாட்டி பாரசீகத்தில் எழுதினார், பேத்தி ஆங்கிலத்தில் எழுதினார், இருவருக்கும் மொழிபெயர்த்துத் தரப்பட்டது. வராந்தாவையும், தையற்காரர்கள் அமர்ந்து வேலைசெய்த இடத்தையும், தாய் சறுக்கி விளையாட விட்ட மாடியையும் நினைவிருப்பதாகக் கிட்டி எழுதினார். கனவில் தாய் வருகையில் தான் பேசும் ஆங்கிலம் அவருக்குப் புரிவதில்லை என்றும் எழுதினார். பெற்றோரின் நிக்காஹ் முறைப்படி நடந்தது என்பதற்குப் பாட்டியின் சாட்சியும் இந்த ஆண்டுகளில் பதிவானது. 1847இல் பாட்டி இறந்தார். பேத்தியும் அவரும் நேரில் சந்திக்கவில்லை. கிட்டி 1889இல் டார்க்கே நகரில் காலமானார்.

சட்டம் நடந்த தொலைவு

பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால் பிள்ளை முறையானதாகும் என்று இங்கிலாந்து 1926இல்தான் ஏற்றது. அந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தாலும் கிட்டிக்குப் பயன்பட்டிருக்காது. அவருடைய பெற்றோர் செய்துகொண்ட நிக்காஹே அந்நாட்டில் திருமணமாகக் கருதப்படவில்லை. பெற்றோரின் திருமணத்தைப் பொருட்படுத்தாமல் அவர்களின் சொத்தில் பிள்ளைக்கு வாரிசுரிமை தந்தது 1969இன் குடும்பச் சட்டச் சீர்திருத்தம்.

இந்தியாவில் பராமரிப்பும் வாரிசுரிமையும் தனித்தனிப் பாதையில் வந்தன. 1898இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், முறைசாராப் பிள்ளைக்கும் பராமரிப்புத் தொகை தரத் தந்தையைக் கட்டாயப்படுத்தியது. அந்த ஏற்பாடு மதவேறுபாடின்றி இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவுவரை தொடர்கிறது. 1956இன் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், மணமாகாத முறைசாரா மகளைச் சார்ந்திருப்போர் பட்டியலில் சேர்த்தது. 1955இன் இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, 1976இல் திருத்தப்பட்டபின், செல்லாத திருமணத்தில் பிறந்தவர்களையும் முறையான பிள்ளைகளாகக் கருதுகிறது. 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்குச் சேரக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றது.

இந்த 16ஆம் பிரிவின் பயனைப் பெற, செல்லாததாகவேனும் ஒரு திருமணம் நடந்திருக்க வேண்டும். சடங்கே நடக்காத உறவில் பிறந்த மகளுக்கு அது பொருந்தாது; முஸ்லிம் மகளின் வாரிசுரிமை இன்றும் நிக்காஹையும் தந்தையின் ஒப்புதலையும் பொறுத்தது. 1801இல் சென்னையில் படை அதிகாரிகளிடம் கேட்ட ‘திருமணம் நடந்ததா’ என்ற கேள்வியை, அதைக் கேட்கச் சொன்னவர்களின் நாடு வாரிசு வழக்குகளில் கைவிட்டுவிட்டது. இந்திய நீதிமன்றங்களில் சொத்துக் கேட்டு வரும் மகளிடம் அது இன்னும் கேட்கப்படுகிறது.